அவருடைய பாம்பு சாப்பிடாத ஐந்து மாதம்

என் கணவர் பாம்பு வளர்த்தார். ஹம்பேர்க்கில் எங்களைத் தெரிந்த தமிழ்ச்சனம் முழுக்க இதைச் சொல்லிச் சிரித்தது. துறைமுகக் களஞ்சியத்தில் அவரோடு வேலை செய்த ஜேர்மன்காரருக்குப் பிள்ளை பிறந்ததாம். பெண்சாதி, பாம்பா நானா என்று கேட்டாளாம். இவர் போய் அதைக் கண்ணாடிப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். நானும் அதே கேள்வியைத்தான் கேட்டேன். இந்தாளுக்குக் காது கேட்கவில்லை.

அது ஆபிரிக்காவில் இருக்கும் சின்ன மலைப்பாம்புச் சாதி. நஞ்சில்லை. பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்தாகச் சுருண்டுவிடும். பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். எங்கள் வீட்டில் நான் நடந்துவர, பாம்புதான் நடுங்கியது. ஞாயிறுதோறும் அவர் உறைந்த எலி ஒன்றைச் சுடுதண்ணீரில் இளக்கி, நீண்ட இடுக்கியால் பிடித்து அதற்கு நீட்டுவார். எலிகளை வைக்க நிலவறையில் ஒரு சின்னக் குளிர்பெட்டி இருந்தது. நான் சமைக்கும் குசினிக்குள் எலி வரக்கூடாது என்பது சட்டம்.

யூரோ வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. மாசி மாதத்துத் திங்கட்கிழமை. முதல்நாள் எலி கொடுக்க மறந்துவிட்டாராம். காலையில் எழும்பிக் குசினிக்குப் போய்ப் பார்த்தால், நான் அரிசி ஊறவைக்கும் சட்டிக்குள் எலி மிதக்கிறது! எனக்கு மூக்கு நுனியில் கோபம். அவருக்கென்று கட்டிவைத்த சோற்றுப் பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டேன்.

“உங்கட பாம்பு தின்னட்டும். நீங்கள் அதிட்டைப் பங்கு கேளுங்கோ.”

“பாவமப்பா, அது பசியோடை கிடக்குது,” என்றார். சிரித்தபடி காலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெறுங்கையோடு போய்விட்டார்.

மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாராம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது உயிர் இல்லை. வேலைத்தலத்திலிருந்து அவருடைய பையைக் கொண்டுவந்து தந்தார்கள். ஒரு குடையும் மூக்குக்கண்ணாடிக் கூடும் இருந்தன. சோற்றுப் பெட்டி இருக்கவேண்டிய இடத்தைக் கையால் தடவித் தடவிப் பார்த்தேன்.

முப்பத்தோராம் நாள் சடங்குக்கு அவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைத்தோம். காகத்துக்கென்று பல்கனியில் சோறு வைத்தேன். காகம் வந்து கம்பியில் இருந்தது, சோற்றைப் பார்த்தது, தொடாமல் பறந்துவிட்டது. செத்தவருக்கு மனக்குறை இருந்தால் காகம் வாய் வைக்காது என்பார்கள்.

“ஜேர்மன் காகத்துக்கு எங்கட சோறு என்னெண்டு தெரியும்? நீ பேசாமல் இரு,” என்றாள் அக்கா. பக்கத்துத் தெருவில் இருப்பவள். பாம்பை யாருக்கும் கொடுத்துவிடச் சொன்னதும் அவள்தான். நான் மாட்டேன் என்றுவிட்டேன். அவர் கடைசியாகக் கவலைப்பட்டது அதன் பசிக்கு.

நிலவறைக்குத் தனியே இறங்க எனக்குப் பயம். எலிகளைக் குசினிக் குளிர்பெட்டிக்கே கொண்டுவந்தேன். அவை இருந்த கடதாசிப் பெட்டி பிய்ந்துபோயிருந்தது. ஊரிலிருந்து வறுத்த மிளகாய்த்தூள் வரும் தடித்த பைகளை எங்கள் வீடுகளில் யாரும் எறிவதில்லை. கழுவிக் காயவைத்து எடுத்துவைத்திருந்த பைகளில் எலிகளைப் போட்டு இறுக்கிக் கட்டினேன். ஞாயிற்றுக்கிழமை ஒன்றைச் சுடுதண்ணீரில் இளக்கி, இடுக்கியால் நீட்டினேன். பாம்பு கிட்ட வந்தது. நாக்கை நீட்டிப் பார்த்தது. தலையைத் திருப்பிக்கொண்டு போய்ச் சுருண்டு படுத்தது.

அடுத்த ஞாயிறும் அப்படித்தான். அதற்கடுத்ததும். பங்குனி போய்ச் சித்திரையும் போனது. என் கையால் அது ஒரு எலியும் தொடவில்லை. ஆனால் நான் சோற்றுத் தட்டோடு வந்து இருந்தால் போதும், வெளியே வந்து கண்ணாடியோரம் தலையை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும். இமையில்லாத கண். எனக்குச் சோறு இறங்காது. குசினியில் நின்றபடி, கள்ளத்தனமாக, நாலு வாய் விழுங்கப் பழகினேன்.

“கோவமெண்டால் என்னைப் பேசுங்கோ,” என்று ஒருநாள் பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்து கேட்டேன். “பட்டினி கிடந்து என்னைக் கொல்லாதேங்கோ. நான் செய்தது பிழைதான். ஒரு வாய் சாப்பிடுங்கோ.”

அக்கா வாசலில் நின்றதை நான் காணவில்லை. “ஐயோ, ஆரோடையடி கதைக்கிறாய்?” என்றாள். அவளும் பெட்டியைப் பார்த்தாள். பிறகு அந்த அறைக்குள் அவள் வரவேயில்லை.

ஆடி மாதம் அதற்கு முதுகெலும்பு தெரியத் தொடங்கியது. இதையும் சாகவிட்டால் நான் மனுசியே இல்லை என்று, பாம்பு, ஓணான் விற்கும் கடைக்குப் போய் அழுதேன். கடைக்காரி ஒரு ஜேர்மன் மனுசி. அடுத்தநாளே வீட்டுக்கு வந்தாள். பாம்பைத் தூக்கிப் பார்த்தாள், வாயைத் திறந்து பார்த்தாள். நோய் இல்லை என்றாள். மாதக்கணக்கில் சாப்பிடாமல் வீம்பு பிடிக்கிற சாதிதான் இது, ஆனால் இவ்வளவு மெலியக்கூடாது, நீ கொடுக்கும் எலியைக் காட்டு என்றாள்.

பையை அவிழ்த்து மூக்கருகே கொண்டுபோனவள் மூன்றுதரம் தும்மினாள். இதற்குள் என்ன போட்டாய் என்று கேட்டாள். நானும் மணந்து பார்த்தேன். எனக்கு ஒரு மணமும் தெரியவில்லை. என் உடுப்பு, தலையணை, திரைச்சீலை எல்லாமே அந்த மிளகாய்த்தூள் மணம்தான். எனக்கு எங்கே தெரியப்போகிறது? பாம்புக்கு மணம்தான் எல்லாம் என்றாள். தான் கொண்டுவந்த எலியை இளக்கி நீட்டினாள். இடுக்கி கிட்டப் போகமுன்னமே பாய்ந்து பிடித்துச் சுற்றிக்கொண்டது. மனுசி கைதட்டிச் சிரித்தாள்.

எலியின் வால் உள்ளே போகும்வரைக்கும் நான் பார்த்துக்கொண்டு நின்றேன். விழுங்கி முடித்ததும் பாம்பு என்னைப் பார்க்கவில்லை. தன் பாட்டில் மூலைக்குப் போய்ப் படுத்துவிட்டது. ஐந்து மாதம் அவர் என்னோடு முகத்தைத் திருப்பிக்கொண்டு அந்தப் பெட்டிக்குள் இருந்தார். கோபித்துக்கொண்டென்றாலும் வீட்டில் இருந்தார். நானும் ஒவ்வொரு ஞாயிறும் அவரைச் சாப்பிடச் சொல்லிக் கெஞ்சினேன். இனி யாரைப் போய்க் கெஞ்சுவேன்?

கடைக்காரி போனபிறகு அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். பாம்பு சாப்பிட்டுவிட்டது என்றேன்.

“முருகா! பாத்தியே, அவருக்கு உன்னிலை கோவமில்லை. பிறகேன் அழுறாய்?”

“அது பாம்பக்கா,” என்றேன். “வெறும் பாம்பு.”