கழுகு பார்க்க மறுத்த கறை

அந்தச் சலவைக்கூடத்தில் அவளுக்குக் கழுகு என்று பெயர். மேற்பார்வையாளர் முதல் வண்டி ஓட்டுபவர் வரை எல்லோருக்கும் அவள் கழுகுதான். விடுதிகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் வெள்ளை விரிப்புகள் வெளுத்து, பிழிந்து, உலர்ந்து வந்ததும், விளக்கு பொருத்திய கண்ணாடி மேசையில் அவற்றைப் பரப்பிக் கறை பார்ப்பது அவள் வேலை. கடுகளவு காப்பிப் பொட்டும் அவள் கண்ணுக்குத் தப்பாது. கறை இருந்தால் விரிப்பு மறுபடி தொட்டிக்குப் போகும். இல்லாவிட்டால் "பாஸ்!" என்று குரல் கொடுப்பாள். எதிரே நிற்கும் மடிப்புக்காரி அதன் பிறகுதான் கையை நீட்டுவாள். இயந்திர இரைச்சலுக்கு நடுவே அந்தக் குரல் கேட்காமல் ஒரு துணியும் நகராது.

அப்பேர்ப்பட்ட கழுகு, கொஞ்ச நாளாகத் தனக்குக் கறுப்பு உள்ளாடைகளாகவே தேடித் தேடி வாங்கிக்கொண்டிருந்தாள்.

காரணம் இருந்தது. போன வருடம் வயிற்றில் தங்கிய ஒன்று மூன்றாம் மாதத்தைத் தாண்டவில்லை. முதலில் தெரிந்தது ஒரு சின்னச் சிவப்புப் பொட்டுதான். அவள் அதைப் பார்த்தாள். பார்த்த பிறகு எல்லாம் மளமளவென்று நடந்து முடிந்துவிட்டது. பார்த்ததால்தான் நடந்தது என்று புத்தியுள்ள யாரும் சொல்ல மாட்டார்கள். அவளும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் மனசு என்று ஒன்று இருக்கிறதே, அது யார் பேச்சைக் கேட்டது?

இப்போது மறுபடியும் உண்டாகியிருக்கிறாள். மின்தூக்கி பழுதுபார்க்கும் அவள் கணவனைத் தவிர ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. போன தடவை ஊரெல்லாம் சொல்லிவிட்டு, பிறகு ஒவ்வொருவருக்கும் பதில் சொன்ன கொடுமை போதும் போதும் என்றாகியிருந்தது.

அந்த நேரம் பார்த்து அடிவயிற்றில் வலி வந்தது. சில வேளை கனமாக இழுக்கும். விரிப்பின் மூலையைப் பிடிக்க எட்டிக் குனிந்தால் சுருக்கென்று குத்தும். கழிப்பறைக்குப் போவதே பரீட்சைக்குப் போவது போல ஆகிவிட்டது. கறுப்புத் துணியில் ஒன்றும் தெரியாதுதான், ஆனாலும் உட்காரும்போது நெஞ்சு திக்திக் என்று அடித்துக்கொண்டது. அதனால் முடிந்தவரை அடக்கினாள். அடக்க வேண்டும் என்பதற்காகத் தண்ணீரையும் குறைத்தாள். காலையில் நிரப்பிக்கொண்டு போன தண்ணீர் புட்டி மாலையில் அப்படியே வீடு திரும்பியது.

"வலிக்குதா?" என்று கணவன் கேட்பான்.

"வாயுங்க. நேத்து சாப்பிட்டது சேரல" என்பாள்.

அவனும் நம்பினான். ஆம்பளைகளிடம் வாயு என்று சொன்னால் மேற்கொண்டு கேள்வி வராது.

ஒரு நாள் முற்பகல், குனிந்தவளுக்கு வலி பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கண்ணை இறுக மூடி, மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டு, "பாஸ்!" என்றாள். மடிப்புக்காரி கையை நீட்டவில்லை. விரிப்பின் நட்டநடுவில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்புக் கறை.

மடிப்புக்காரிக்கு வானொலி என்று பெயர். மூச்சு விடாமல் பேசுவாள். அன்றைக்கு மட்டும் குரலைத் தாழ்த்தி, அவளை அழுக்கு மூட்டைகளுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"எத்தனை மாசம்டி?"

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? தண்ணி குடிக்க மாட்டேங்குற, பாத்ரூம் பக்கம் போக மாட்டேங்குற, மேசையைக் கட்டிப் புடிச்சுட்டு நிக்கிற. எனக்கு வாய்தான் இருக்கு, கண்ணு இல்லன்னு நெனச்சியா?"

கழுகு பொலபொலவென்று அழுதுவிட்டாள். வானொலியே அவள் கணவனுக்குத் தொலைபேசியில் சொல்லி வரவழைத்து, இருவரையும் மருத்துவமனைக்கு அனுப்பினாள்.

டாக்டரம்மா முதலில் கேட்டது, "ரத்தம் ஏதாவது படுதா?"

"தெரியாதும்மா."

"தெரியாதுன்னா?"

கறுப்புத் துணியின் கதையை அவள் தரையைப் பார்த்தபடியே சொல்லி முடித்தாள். கணவன் திகைத்துப்போனான். "இவ வேலையே கறை பாக்கறதுதாங்க..." என்று ஆரம்பித்தவன், அவள் தோளில் கையை வைத்தான். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

ஸ்கேன் அறையில் அவள் திரைக்கு எதிர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டாக்டரம்மா பேசாமல் இருந்த ஒவ்வொரு நொடியும் உயிர் போய்ப் போய் வந்தது. போன தடவையும் இப்படித்தான் பேசாமல் இருந்தார்கள்.

"இங்க பாருங்க."

"நான் பாக்கலம்மா. நீங்களே சொல்லிடுங்க."

"துடிக்குது. இருக்க வேண்டிய எடத்துலதான் இருக்கு."

அதன் பிறகுதான் திரும்பினாள். கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைப் பொட்டு விட்டு விட்டு மினுங்கிக்கொண்டிருந்தது. அவள் வாழ்நாளில் ஒரு பொட்டை அத்தனை ஆசையாகப் பார்த்ததில்லை.

சிறுநீரைச் சோதித்ததில் கிருமி இருந்தது. "கருப்பை விரியறப்போ கொஞ்சம் இழுக்கத்தான் செய்யும். அது பாதி வலி. தண்ணி குடிக்காம அடக்கி அடக்கி நீங்க சேத்துக்கிட்டது மீதி. மாத்திரை தரேன், குழந்தைக்கு ஒண்ணும் பண்ணாது" என்றார் டாக்டரம்மா. "இப்போதைக்கு நல்லா இருக்கு. ஆனா ரத்தம் பட்டாலோ, ஒரு பக்கமா வலி தாங்க முடியாம வந்தாலோ, தலை சுத்தினாலோ அந்த நிமிஷமே வரணும். பாக்காமலே இருந்தா எப்படி வருவீங்க? கறுப்பு வேண்டாம். வெள்ளையா போடுங்க."

சில நாள் ஓய்வுக்குப் பிறகு வேலைக்குத் திரும்பினாள். வலி குறைந்திருந்தது, பயம் குறையவில்லை. அது அவ்வளவு சுலபத்தில் போகிற ஜாதி இல்லை. ஆனாலும் உள்ளாடை வெள்ளைக்கு மாறியிருந்தது; புட்டித் தண்ணீரையும் மடமடவென்று குடித்தாள். குடித்தால் போகத்தானே வேண்டும்? கழிப்பறைக் கதவு வரை வந்தவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

"உள்ள போடி. நான் இங்கேயே நிக்கிறேன்" என்றாள் வானொலி.

கதவு சாத்திக்கொண்டது. வானொலி பேசவில்லை. அவளுக்கே அது புதிதாக இருந்தது. உள்ளே நெடுநேரம் சத்தமே இல்லை. கூப்பிடலாமா, கதவைத் தட்டலாமா என்று அவள் கை பிசைந்துகொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து குரல் வந்தது.

"பாஸ்!"

பழக்கதோஷத்தில் வானொலி கையை நீட்டினாள். கதவைத் திறந்துகொண்டு வந்தவள் அந்தக் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.