பின்கதவு போடும் ஸ்கிரிப்ட்

யுத்தம் நடந்த அந்த ஆண்டுகளில் நான் பாதி நாள் இன்னும் கட்டப்படாத வீடுகளுக்குள்தான் வாழ்ந்தேன். கண்டியில் ஒரு கட்டடக்கலைஞரிடம் வேலை. சேர் வீட்டின் வரைபடத்தைக் கீறித் தருவார். நான் அதைக் கணினியில் வீடாக எழுப்புவேன். ஒவ்வொரு கதவையும் ஜன்னலையும் கையால் வைத்து அலுத்துப்போய், அறைகளைச் சொன்னால் எல்லாம் தானே எழும்பும்படி ஒரு ஸ்கிரிப்ட், சின்ன நிரல், எழுதினேன். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் இராணுவத்தினர் பஸ்ஸை மறித்து அடையாள அட்டை பார்க்கும்போதும் என் மனம் அந்தச் சாம்பல் நிற வீடுகளுக்குள் உலவிக்கொண்டிருக்கும். அங்கே யாரும் பெயர் கேட்பதில்லை. சுவருக்குள் புகுந்து போனாலும் வலிக்காது. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

ஒருநாள் சேர் திரையில் சமையலறையின் பின்சுவரைத் தட்டினார். யாழ்ப்பாணத்துக்காரர், மூக்கு நுனியில் கோபம்.

“உது என்ன பிள்ளை, குசினிக்குப் பின்னால கதவு? நான் கீறேல்லையே.”

“அது தானா வருதுங்க சேர்.”

“தானா வாறதுக்கு அது என்ன காளானே? அங்கால பள்ளம். காலை வைச்சால் நேர மகாவலி ஆறுதான். நாளைக்குத் திகனையில இருந்து வீட்டுக்காரர் வருகினம். அதுக்குள்ள எடு. இல்லாட்டி நான் வேற ஆளைப் பாக்கிறன்.”

தானாக வரவில்லை. வெளியேற ஒரே வழிதான் என்றால் பின்சுவரில் இன்னொன்றைத் திற என்று நான்தான் எழுதியிருந்தேன். தமிழர்களைத் தாக்கிய கலவரத்தில் ஒரு கும்பல் எங்கள் முன்கதவை உடைத்துக்கொண்டிருந்தபோது, கைக்குழந்தையான என்னைத் தூக்கிக்கொண்டு அம்மா பின்கதவால் ஓடி, பின்வீட்டுச் சிங்களப் பெண்ணின் குசினியில் ஒளிந்தார். அதன்பின் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அவரது முதல் கேள்வி, “பின்கதவு எங்க இருக்குங்க?” அண்ணாவுக்குப் பெண் பார்க்கப் போன இடத்திலும் அதையே கேட்டு எங்கள் மானத்தை வாங்கினார். ஆனாலும் அந்த வரியை அழிக்கப் போனபோது, ஒரு தாயையும் பிள்ளையையும் உள்ளே வைத்து நானே பூட்டுவதுபோல் பயமாக இருந்தது. வேலை போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் அந்த வீட்டுக்காரர், திகனையில் கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம், மனைவியோடு வந்தார். திரையில் அவர்களை மெல்ல வீட்டுக்குள் நடத்திப் போனேன். விறாந்தை, படுக்கையறை, குசினி. பிறகு அந்தக் கதவு. அதற்கு அப்பால் எதுவும் இல்லை, ஹந்தானை மலையில் பனி இறங்கியதுபோல் ஒரே வெள்ளை. சேரின் காது சிவந்தது.

“குறை நினைக்காதேங்கோ, அது பிழையா வந்திட்டுது. எடுத்துவிடுவம்.”

கடைக்காரரின் மனைவி அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“எடுக்க வாணாம் மகள். கீழ எறங்க ஒரு படிக்கட்டு மட்டும் போட்டுத் தாங்க.”

சேர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் பென்சிலை எடுத்தார்.

“அகலமாக் கீறுவம்,” என்றார், யாரையும் பார்க்காமல். “பிள்ளையளைத் தூக்கிக்கொண்டெல்லோ இறங்கோணும்.”