எல்லாவற்றையும் எழுதவைக்கிற அக்கா

எட்டு ஐம்பதுக்கு நாற்காலியில் உட்கார்ந்ததும், தோளில் மாட்டிய பையைக்கூடக் கழற்றாமல், முதலில் அந்த ஒரு வரியைத்தான் திறக்கிறார். கணினி எவ்வளவு பேசலாம் என்று தீர்மானிக்கிற வரி அது. மொத்தம் ஏழு படிகள். முதல் படியில் வைத்தால் உயிர் போகிற பிழைக்கு மட்டும் வாயைத் திறக்கும். இரண்டாவதில் எச்சரிக்கையும் சேர்ந்துகொள்ளும். படி இறங்க இறங்கப் பேச்சு கூடும். ஏழாவதில் விட்டால் எந்தப் பக்கத்தைத் திறந்தது, எத்தனை நொடி காத்திருந்தது, எந்தப் பொத்தானை எந்த இடத்தில் அழுத்தியது என்று மூச்சு விட்டதைக்கூட எழுதிவைக்கும். அக்கா ஏழில் வைக்கிறார். அதற்குப் பிறகுதான் பை கீழே இறங்குகிறது.

பஸ் டிக்கெட் பதிவு செய்யும் இணையதளம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சோதிப்பது அவர் வேலை. அவரே உட்கார்ந்து சோதிப்பதில்லை. பிரவுசர் தானாகத் திறந்து, ஊரைத் தேர்ந்து, ஜன்னலோர இருக்கை பிடித்து, இல்லாத ஒரு பயணியின் பெயரைத் தட்டி, பதிவுப் பொத்தானை அழுத்தும்படி நிரல் எழுதி வைத்திருக்கிறார். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அந்த இல்லாத பயணி கிளம்பிக்கொண்டே இருக்கிறார், எங்கேயும் போய்ச் சேர்வதில்லை. வழியில் நடந்ததெல்லாம் வரி வரியாக ஒரு கோப்பில் விழும். அதைத்தான் லாக் என்கிறார்கள்.

அலுவலகத்தில் அக்காவுக்கு ‘வளவளா’ என்று பெயர். அவருடைய லாக் அவ்வளவு நீளம் என்பதற்காகச் சின்னவர்கள் வைத்தது. ஆனால் அக்காவோ, வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற ரகம். காலையில் ஒரு “ம்”, மதியம் ஒரு “ஆச்சு”, கிளம்பும்போது ஒரு “வரேன்.” பக்கத்து இருக்கைப் பெண் ஒருநாள் வேலை மெனக்கெட்டு எண்ணிப் பார்த்தாள். மொத்தம் பதினான்கு வார்த்தை, அதில் மூன்று தும்மல் என்று அறிவித்தாள். அக்கா சிரித்தார். அது கணக்கில் வரவில்லை.

லாக் படிப்பதற்கென்று ஒரு மர ஸ்கேல் வைத்திருக்கிறார். அதைத் திரையின்மேல் கிடையாகப் பிடித்து, ஒரு வரி முடிந்ததும் ஒரு வரி கீழே இறக்குவார். உதடு மட்டும் லேசாக அசையும். கிட்டத்தில் போனால் கேட்கும்: “சரி... சரி... அப்புறம்?” அடுத்த வரி. “அப்படியா. அப்புறம்?” மனுஷர்களிடம் கேட்காத கேள்வியை எல்லாம் அந்தக் கோப்பிடம் கேட்டுவிடுவார். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவர் சொல்லிக்கொடுப்பதும் ஒன்றே ஒன்றுதான்: “பிரவுசரைத் திறக்கறதுக்கு முன்னாடியே படியை வச்சிடுங்க. திறந்த பிறகு சொன்னா அது காதுல ஏறாது.”

வீடு மாடியில், இரண்டு அறை. சாப்பாட்டு மேசைக்கு இரண்டு நாற்காலி. ஒன்றில் அவர் உட்காருவார். இன்னொன்றில் துவைத்து மடிக்காத துணிகள் மலையாகக் கிடக்கும். மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போன வாரத்தில் ஏறிய துணிகள். மேலே இருப்பதை எடுத்து உடுத்துகிறார், துவைத்து மறுபடி மேலேயே போடுகிறார். அடியில் என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. கணவர் பிரிந்து போய்ப் பல வருடம் ஆயிற்று. அதைப் பற்றி யாராவது தூண்டிக் கேட்டால் ஒரே வரி: “சரிப்பட்டு வரல.”

மகள் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குக் கூப்பிடுவாள். அக்கா பத்தே முக்காலுக்கே ஜன்னல் பக்கம் போய் நின்றுகொள்வார். உட்கார்ந்து பேச அதில் என்ன இருக்கிறது?

“நல்லாயிருக்கியாம்மா?”

“இருக்கேன்.”

“ஏதாச்சும் பிரச்சினையா?”

“ஒண்ணுமில்ல. உனக்கு?”

“ஒண்ணுமில்ல. சரி, வைக்கவா?”

“வை.”

ஒரு நிமிடம் ஐம்பது நொடி. வைத்த பிறகும் போனைக் கையில் பிடித்தபடி அதே இடத்தில் நிற்பார். வாரத்தில் அவருக்குப் பிடித்த நிமிடம் அதுதான், அது முடிந்தும் போயிருக்கும். மிச்ச ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அப்படியே பாக்கி இருக்கும். அடுத்த வீட்டில் பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டால்கூட ஆறுதலாக இருக்கும்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை மாடிப்படியில் வழுக்கி விழுந்தார். முட்டி வீங்கிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. எலும்பு முறியவில்லையே, அதில் சொல்ல என்ன இருக்கிறது என்பது அவர் எண்ணம். மறுநாள் நொண்டியபடி வேலைக்கு வந்தார். வெள்ளிக்கிழமை கிளம்பும்போது ஏழிலிருந்து இரண்டுக்கு மாற்றிவிட்டுப் போவது அவர் வழக்கம், ஆளில்லாத இரண்டு நாளில் லாக் ஊதிப் பெருத்துவிடும் என்பதால். அன்றைக்குக் கால் வலியில் அதை மறந்துவிட்டார்.

திங்கட்கிழமை வந்து பார்த்தால் சோதனைக் கணினியின் டிஸ்க் நிரம்பி வழிந்து, நான்கு பேருடைய வேலையும் நின்று போயிருந்தது. இல்லாத பயணி இரண்டு பகல், மூன்று இரவு பேசித் தீர்த்திருந்தார். அக்கா முகத்தில் ஈயாடவில்லை. மேலாளர் அவரைவிடப் பத்து வயது சின்னவர், நல்ல மாதிரி. குரலை உயர்த்தவில்லை.

“அக்கா, தப்பு வந்தா மட்டும் எழுதட்டும். போதும். சரியாப் போறதை எல்லாம் எழுதிவச்சு யார் படிக்கப்போறா?”

“ம்,” என்றார் அக்கா. முதல் படியில் வைத்தார்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மகள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “அம்மா, நான் ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்காதே. வாரா வாரம் ரெண்டு பேரும் ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னே சொல்லிக்கிட்டிருக்கோம். உனக்கும் கஷ்டமா இருக்கு போல. இனிமே ஏதாச்சும் இருந்தா கூப்பிட்டுக்கலாமே?”

“சரி,” என்றார் அக்கா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்தே முக்காலுக்குக் கால்கள் தாமாகவே ஜன்னலுக்குப் போய்விட்டன. பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டும் ஆயிற்று. போனில் சத்தம் வருகிறதா என்று கூட்டிப் பார்த்தார், சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சரியாக இருந்ததால்தான் அது அடிக்கவில்லை. அன்றைக்கு மதியம் ரொட்டியை நின்றபடியே பிய்த்துத் தின்றுவிட்டுப் படுத்துக்கொண்டார். இப்படியே வாரங்கள் போனால் மகளுக்குத் தன் குரலே மறந்துவிடும் என்று பயமாக இருந்தது.

அலுவலகத்தில் வேறொரு தலைவலி. முப்பது முறைக்கு ஒரு முறை இல்லாத பயணியால் டிக்கெட் பதிய முடியவில்லை. முதல் படி லாக்கில் ஒரே வரி: பொத்தான் அழுத்தப்பட்டது, பதிவு நடக்கவில்லை. தலையும் புரியாது வாலும் புரியாது. “திரும்ப ஓட்டினா பாஸ் ஆயிடுது, விடுங்க,” என்றார்கள் சின்னவர்கள். நிஜமான பயணி ஒருவர் பொத்தானை அழுத்திவிட்டுப் பை தூக்கிக்கொண்டு போய் நின்றால் என்ன ஆகும் என்று அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மேலாளர் அறைக்குப் போனார்.

“ஏழுல வைக்கணும். கடைசி நூறு ஓட்டத்தோட லாக் மட்டும் இருக்கட்டும், பழசு தானா அழியற மாதிரி பண்ணிடறேன். டிஸ்க் நிரம்பாது.”

“தப்பான ஓட்டத்தை மட்டும் வச்சுக்கலாமே அக்கா?”

“சரியாப் போனது எப்படிப் போச்சுன்னு தெரிஞ்சாத்தானே, தப்பு எங்கன்னு தெரியும்?”

அக்கா அந்த அறையில் இவ்வளவு பேசியதே இல்லை. மேலாளர் பேனாவை மூடி வைத்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

வியாழக்கிழமை கண்டுபிடித்தார். சரியாகப் போன ஓட்டத்தையும் தவறிய ஓட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஸ்கேலை வரி வரியாக இறக்கிக்கொண்டு வந்தார். சரியாகப் போனதில் முதலில் பொத்தான் அழுந்துகிறது, பிறகு மேலே ஒரு விளம்பரப் பட்டை வந்து விழுகிறது. தவறியதில் பட்டை அரை நொடி முந்திக்கொள்கிறது. பொத்தான் ஒரு விரல் அகலம் கீழே தள்ளப்பட, அழுத்தியது வெறும் இடத்தில் விழுகிறது. எந்த வரியிலும் பிழை என்று ஒன்று இல்லை. எல்லாமே சின்னச் சின்ன, சாதாரண வரிகள்.

பக்கத்து இருக்கைப் பெண் கைதட்டினாள். அக்கா ஸ்கேலைத் துடைத்து மேசை இழுப்பறையில் வைத்தார். வீடு போய்ச் சேருகிறவரை சரியாகப் போனதைப் பற்றித் தான் மேலாளரிடம் சொன்ன வாக்கியமே அவர் காதில் திரும்பத் திரும்ப விழுந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு, ஜன்னல் பக்கம் நின்றபடி, அவரே மகளைக் கூப்பிட்டார்.

“அம்மா? என்னாச்சு? ஏதாச்சும் பிரச்சினையா?”

“இல்ல.”

“பின்ன எதுக்குக் கூப்பிட்ட?”

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று அக்காவுக்குத் தெரியவில்லை. லாக் எங்கிருந்து ஆரம்பிக்குமோ அங்கிருந்தே ஆரம்பித்தார்.

“காலையில ஆறு இருபதுக்கு எழுந்தேன். சமையல் ரூம்ல குழாய் சொட்டிக்கிட்டிருந்துச்சு. உள்ள இருக்கிற ரப்பர் தேஞ்சு போச்சு போல. ஒரு துணியைக் கட்டி வச்சிருக்கேன்.”

மகள் துண்டித்துவிட்டாளோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

“போன மாசம் படியில வழுக்கிட்டேன். முட்டி வீங்கிடுச்சு. நாலு நாள் நொண்டினேன். இப்ப பரவாயில்ல.”

“இதை ஏம்மா அப்பவே சொல்லல?”

“சரியாயிடுச்சே, அதான்.” ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “நீ போனை வச்ச பிறகு நான் இங்கயே நிப்பேன். ரொம்ப நேரம் நிப்பேன்,” என்றார்.

மகள் மூச்சை இழுத்துவிடுவது கேட்டது.

“அப்புறம்?” என்றாள் மகள்.

அக்கா மேசைக்குப் போனார். இரண்டாவது நாற்காலியில் இருந்த துணிகளை ஒரு கையால் வாரித் தரையில் போட்டுவிட்டு, அதில் உட்கார்ந்தார்.