எல்லாரும் இறங்கியாச்சு

மலேசியாவின் தைப்பிங் பஸ் நிலையத்தில் டிக்கெட் விற்றுக்கொண்டிருந்த சல்மியாவை டிரைவர் ஜம்ரி கல்யாணம் செய்துகொண்டபோது, அவள் அம்மா சொல்லி அனுப்பியது ஒன்றுதான். புருஷனுடைய குறையைப் பெண்டாட்டி வெளியே சொன்னால் பாவம்.

அதைச் சல்மியா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அடைமழையில் ஜம்ரி ஓட்டிய பஸ் கவிழ்ந்து, பயணிகளில் சிலர் உயிரோடு இறங்காமல் போனார்கள். அவனுக்கு உடம்பு தேறியது, மனசு தேறவில்லை. ஆனால் யார் விசாரித்தாலும், "நல்லாத்தான் இருக்காரு" என்பாள். "நல்லா இருக்கிற மனுஷனுக்கு நீ எதுக்குடி பட்டன் போட்டுவிடுறே? புது மாப்பிள்ளையா?" என்று பக்கத்து வீட்டு அக்கா காக் யா சீண்டினால், சிரித்துச் சமாளிப்பாள்.

வீட்டுக்குள் நடந்தது வேறு. சோறு போட்டதும் ஜம்ரி எழுந்துபோய் வாசற்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பான். பயணிகள் இறங்க வேண்டுமாம். அவர்கள் இறங்குமுன் டிரைவர் எப்படிச் சாப்பிடுவது? ஆரம்பத்தில் அழுதாள், வாதாடினாள். மீன் குழம்பு ஆறிப்போனதுதான் மிச்சம். ஒருநாள் அவளும் போய் அவன் பக்கத்தில் நின்று, காலி முற்றத்தைப் பார்த்து, "எல்லாரும் எறங்கியாச்சு, அபாங். வாங்க" என்று புருஷனைக் கூப்பிட்டாள். அவன் கதவைச் சாத்திவிட்டு வந்து வயிறாரச் சாப்பிட்டான். அதன்பிறகு அதுவே வழக்கமாயிற்று. மழை நாட்களில், இறங்குகிறவர்களுக்காக என்று குடையைக்கூட வாசலில் எடுத்து வைப்பாள்.

மருத்துவ விடுப்பு முடியும் வேளை வந்தது. ஜம்ரி மறுபடி பஸ் ஓட்டலாமா, அல்லது மனநோயால் வேலை செய்ய முடியாதவன் என்று சான்று தருவதா என்பதை மனநல மருத்துவரான சியூ என்ற அம்மாதான் மதிப்பிட்டு எழுத வேண்டும். சல்மியா வழக்கம்போல அவனுக்கு ஷேவ் செய்துவிட்டு, இஸ்திரி போட்ட பாத்திக் சட்டை மாட்டி அழைத்துப்போனாள். அவனும் கேட்டதற்கெல்லாம் பதவிசாகப் பதில் சொன்னான். "உங்க நாற்காலியைவிட என் டிரைவர் சீட்டே மேல், டாக்டர். திங்கக்கிழமையே போய் உக்காந்துடுவேன்" என்றபோது டாக்டரம்மாவே சிரித்துவிட்டார்.

சிரித்துவிட்டுச் சல்மியாவிடம் திரும்பினார். "நான் பாக்கிறது இஸ்திரி போட்ட சட்டையில அரைமணி நேரம். மிச்சத்தைப் பாக்கிறது நீங்க. நான் எழுதப்போறதை நம்பித்தான் அவர்கிட்ட பஸ் சாவியைக் குடுப்பாங்க."

ஜம்ரிக்குப் பின்னால் நிரம்பி வழியும் ஒரு பஸ் சல்மியாவின் கண்முன் வந்து நின்றது. அவரை வெளியே உட்காரச் சொல்லட்டுமா என்று டாக்டர் தணிந்த குரலில் கேட்டார். வேண்டாம் என்றாள். சொல்வதே பாவம். அதையும் முதுகுக்குப் பின்னால் சொல்ல அவளால் முடியாது.

சொன்னாள். பட்டன், ஷேவ், அவன் மறந்துபோன குளியல், கதவு, ஆறிப்போன குழம்பு, எல்லாம். "யாரும் எறங்குறதில்ல, டாக்டர். எறங்கியாச்சுன்னு நான் சும்மா சொல்வேன். சொன்னாத்தான் சாப்பிடுவாரு."

ஜம்ரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபம் இல்லை.

"அவங்க எறங்கினதை நீ பாக்கவே இல்லையா, மியா?"

பார்க்கவில்லை என்று அவள் தலையை ஆட்டினாள்.

டாக்டர் மருந்தை மாற்றினார். சான்றும் எழுதிக் கொடுத்தார், வேலைக்கு இயலாதவர் என்று. இனி அவனிடம் யாரும் சாவி தரமாட்டார்கள். சல்மியா நன்றி சொல்லி வாங்கிப் பைக்குள் வைத்தாள்.

அன்று சாயங்காலம் அவனுக்குப் பிடித்த கருவாடு பொரித்தாள். ஜம்ரி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். வெளியே தூறல். அவள் பக்கத்தில் போய் நின்றாள். "எல்லாரும் எறங்..." என்று தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"நீ போய்ச் சாப்பிடு, மியா" என்றான், தெரியாத வீட்டுப் பெண்ணிடம் பேசுகிற மரியாதையோடு. "அவங்க எறங்க நேரமாகும்."