கரும்புக் கொல்லைக்குள் ஒரு மோட்டார் கொட்டகை

சில வருஷங்களுக்கு முன் ஒரு புயல் மழையில், ஆற்று வெள்ளம் எங்கள் சோரியாங்குப்பத்துக்குள் புகுந்த காலை அது.

யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம், வரையலாம் என்று இணையத்தில் ஒரு பொது மேப் இருக்கிறது. கல்யாணமாகி நான் இங்கே வந்தபோது அதில் எங்கள் ஊர் ஒரு ரோடும் ஒரு புள்ளியும்தான். கல்லூரியில் மேப் வரையப் படித்தது வீணாகக் கூடாதென்று சாட்டிலைட் படத்தைப் பார்த்துத் தெருத்தெருவாக வரைந்தேன். தெருக்கள் முடிந்ததும், கரும்புக் கொல்லைகளுக்குள் இருக்கும் மோட்டார் கொட்டகைகள். எது யாருடையது என்று கேட்டு என் போனில் தனியாகக் குறித்துக்கொள்வேன்.

அன்று பக்கத்து வீட்டு அக்காவும் அவர் கணவரும் மாட்டையும் கன்றையும் அவிழ்த்துவிடக் கொல்லைக்குப் போய்ச் சிக்கிக்கொண்டார்கள். கொட்டகை மேல் ஏறி நிற்பதாகப் போன் வந்தது. அப்புறம் லைன் கிடைக்கவில்லை. அது அவர்கள் புதிதாகக் குத்தகைக்கு எடுத்த நிலம். மீட்புப் படகு வந்ததும் ஆளுக்கு ஒரு திசையைக் காட்டினார்கள். வரப்பு, வாய்க்கால் எதுவும் தெரியவில்லை. எங்கே பார்த்தாலும் தண்ணீரும் சாய்ந்த கரும்பும்தான். இழுப்பு அதிகம், சுற்றித் தேட முடியாது என்றார் படகு அதிகாரி.

அக்கா சொல்லி அந்தக் கொட்டகையையும் நான் முன்பே குறித்து வைத்திருந்தேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் போனைக் காட்டினேன். நெட் இல்லாமலும் ஓடும்படி மேப்பை முன்பே இறக்கி வைத்திருந்தேன். அவர் இரண்டு முறை உற்றுப் பார்த்தார்.

“இது யாரும்மா போட்டது?”

“நான்தான் சார்.”

“அப்ப நீங்களே படகுல வந்து வழி சொல்லுங்க.”

லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். நாங்கள் இருக்குமிடத்தைக் காட்டும் நீலப் புள்ளி, மூழ்கிப்போன வண்டிப்பாதை மேலேயே நகர்ந்தது. நான் படகைத் திருப்பச் சொன்ன இடத்தில் கரும்பைத் தவிர ஒன்றுமில்லை. அதிகாரி என்னைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் உள்ளே போங்க சார் என்றேன். நான் தப்பாக வரைந்திருந்தால்?

அப்போது ஒரு கன்றுக்குட்டி கத்தியது. கொட்டகையின் மேல்தளத்தில் இருவரும் கன்றை அணைத்தபடி நின்றிருந்தார்கள். தண்ணீர் தளத்தைத் தொட ஒரு முழம்தான் பாக்கி.

படகில் ஏறியதும் அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “இன்னாம்மா, நீயா வந்த?”

கரை சேர்ந்ததும் அதிகாரி அந்த மேப்பைத் தன் போனில் ஏற்றித் தரச் சொன்னார். மாலைவரை அதைப் பார்த்தே படகு போய்வந்தது.

அந்த மேப்பைத் திறப்பவர்களுக்கு அந்தக் கொட்டகை ஒரு சின்னக் கட்டம்தான். எனக்கோ, நான் இந்த ஊர்க்காரியாக ஆனது அந்த இடத்தில்தான்.