வெறும் போத்தல்களும் செபக்குழுவும்

நான் வேலை செய்யும் பாண் தொழிற்சாலையில் பதினாலு வருடம் எனக்குப் பக்கத்தில் நின்று பாண் பொதி செய்தவர் ஒரு போலந்துக்காரர். ஓய்வு பெற்ற அன்று தன் காரில் என்னை வீடுவரை கொண்டுவந்து விட்டார். இறங்கும்போது காரின் பின்பக்கத்தைத் திறந்து, மூடியுள்ள பெரிய வெள்ளை வாளி ஒன்று, ஒரு ரப்பர்க் குழாய், மூடி அடிக்கிற இரும்புக் கருவி, ஒரு பை நிறையத் தகர மூடிகள், பாகு அடைத்த ரின் ஒன்று, ஈஸ்ற் பைக்கற் எல்லாவற்றையும் என் கையில் தந்தார். வீட்டில் பியர் செய்வதற்கான சாமான்கள். இனி வீட்டில் அந்த மணமே இருக்கக் கூடாது என்று மனைவி சொல்லிவிட்டாராம். செய்யும் முறையைத் தாளில் எழுதியும் தந்தார். போத்தல் மட்டும் இல்லை. "அதைக் காசு கொடுத்து வாங்காதே. உன்னுடைய நண்பர்களிடம் கேள்" என்றார்.

நான் தலையாட்டினேன். அவருடைய கார் போன பிறகு, யாரிடம் கேட்பது என்று வாளியோடு அங்கேயே நின்று யோசித்தேன். ஒருவரும் நினைவுக்கு வரவில்லை.

நான் ஸ்காபரோவில் ஒரு வீட்டின் பேஸ்மென்றில் இருக்கிறேன். பக்கக் கதவால் உள்ளே வந்து படியிறங்க வேண்டும். தங்கை ஒருத்தி பிக்கரிங்கில் இருக்கிறாள். நத்தார் பண்டிகைக்குப் போவேன். எனக்கு ஆட்களோடு கதைக்க வராது. ஊரில் பள்ளிக்கூடத்திலும் கேள்வி கேட்டால் விடை தெரிந்தும் எழும்பாமல் இருந்தவன் நான். பியரும் பெரிதாகக் குடிக்கிறவன் இல்லை. வெள்ளிக்கிழமை ஒன்று குடிப்பேன். அந்தக் கணக்கில் போத்தல் சேர்ப்பதென்றால் ஒரு வருடத்துக்கு மேல் ஆகும்.

பிறகு ஏன் அந்த வாளியைத் திருப்பிக் கொடுக்கவில்லை என்றால், ஒருவர் வீட்டுக்கு வெறுங்கையோடு போக முடியாது. நானே செய்தது என்று இரண்டு போத்தலைக் கொண்டுபோனால் கதைக்க ஒரு விஷயம் இருக்கும். அப்படித்தான் நினைத்தேன். யாருடைய வீட்டுக்கு என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

போத்தல் தேடத் தொடங்கிய பிறகுதான் அதில் உள்ள கஷ்டம் தெரிந்தது. இங்கே விற்கும் பியரில் அரைவாசிக்கு மேல் மூடியைக் கையால் திருகித் திறக்கிற போத்தல். அதன் கழுத்தில் புரி இருக்கும். அதில் என்னுடைய தகர மூடி இறுகாது, காற்றுப் போய்விடும். ஓப்பனரால் நெம்பித் திறக்கிற போத்தல்தான் வேண்டும். அதுவும் மண்ணிறமாக இருக்க வேண்டும். பச்சையிலும் வெள்ளையிலும் வெளிச்சம் பட்டால் பியர் கெட்டுவிடும். அப்படி அறுபது போத்தல்.

எங்கள் தெருவில் செவ்வாய்க்கிழமை மீள்சுழற்சிக் குப்பைக்கான நீலத் தொட்டிகளை வெளியே வைப்பார்கள். எனக்குப் பின்னேர வேலை என்றபடியால் காலையில் நேரம் இருந்தது. தொட்டிக்குப் பக்கத்தில் சிலர் போத்தல்களைத் தனியாக வைத்திருப்பார்கள். எடுத்துக் கழுத்தை விரலால் தடவிப் பார்ப்பேன். புரி தட்டுப்பட்டால் வைத்துவிடுவேன். எனக்கு முன்னமே ஒரு சீன அம்மா கைவண்டிலோடு வந்துவிடுவார். கடையில் திருப்பிக் கொடுத்தால் காசு என்றபடியால் அவருக்கு எல்லாப் போத்தலும் ஒன்றுதான். நான் ஒன்றைத் தடவிப் பார்த்துத் திரும்ப வைப்பதைக் கண்டு, பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். ஒரு காலையில் நாலைந்துக்கு மேல் கிடைக்காது.

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை எங்கள் கோயில் அண்ணை ஒருவர் என்னைக் கண்டுவிட்டார். செபக்குழு நடத்துகிறவர். நடைப்பயிற்சிக்கு வந்திருந்தார்.

"என்ன தம்பி, விடியவே?"

"சும்மா அண்ணை."

பையை முதுகுப் பக்கம் மறைத்தேன். அது கிலுங்கியது. அண்ணை பையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். சவரம் செய்து மூன்று நாள் ஆகியிருந்தது. தோளில் கையை வைத்து, "ஒண்டுக்கும் யோசியாதையும். ஆண்டவர் இருக்கிறார்" என்றார். காசு இல்லாமல் போத்தல் பொறுக்குகிறேன் என்று நினைத்துவிட்டார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை மூன்று மணிக்குக் கதவு தட்டும் சத்தம் கேட்டது. அண்ணையும், ஓய்வுபெற்ற அங்கிள் ஒருவரும், முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் அக்கா ஒருவரும் நின்றார்கள். என்னிடம் இரண்டு கதிரைதான். அங்கிளும் அக்காவும் அவற்றில் இருக்க, அண்ணை என் கட்டிலில் இருந்தார். கட்டிலுக்குக் கீழே முப்பத்தொரு போத்தல். அவர் இருந்த உடனே அத்தனையும் கிணுகிணுத்தன. எல்லோருக்கும் கேட்டது. அண்ணை கண்ணை மூடிச் செபத்தைத் தொடங்கினார்.

"ஆண்டவரே, இந்தச் சகோதரனைப் பிடிச்சிருக்கிற குடி என்கிற கட்டை அவிழ்த்துவிடும்."

அப்போதுதான் விளங்கியது. செபம் முடிய உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். ஆனால் முடிந்த கையோடு அக்கா ஒரு பெட்டியைத் திறந்தார். பொரித்த ரோல்ஸ், இன்னும் சூடாக இருந்தது. "தம்பி, கேத்தில் எங்க? நான் தேத்தண்ணி போடுறன், நீங்கள் இருங்கோ" என்றார். அங்கிள் என் பள்ளிக்கூடத்தை விசாரித்தார். எனக்குக் கணக்குப் படிப்பித்த வாத்தியார் அவருக்கு ஒன்றுவிட்ட மச்சானாம். "அவன் உங்களுக்கு அடிச்சதை விட நாங்கள் அவனுக்கு அடிச்சது கூட" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த அறையில் என் சிரிப்புச் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டுப் போனார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம் கோப்பையும் இரண்டுதான் இருந்தது. அந்தக் கிழமை இன்னும் நாலு வாங்கினேன்.

அதிலிருந்து சனிக்கிழமை தவறாமல் வந்தார்கள். காலையில் அறையைக் கூட்டித் துடைத்து, சவரமும் செய்துவிட்டுக் காத்திருப்பேன். போத்தல்களைக் குளியலறைத் திரைக்குப் பின்னால் மாற்றிவிட்டேன். ஒவ்வொரு கிழமையும் இன்று சொல்லிவிடுவது என்றிருப்பேன். சொன்னால் அடுத்த சனிக்கிழமை வரமாட்டார்கள் என்பதும் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு இல்லாத குடியிலிருந்து விடுதலை கேட்டு ஆமென் சொல்லுவேன். பிழை என்று தெரிந்துதான் சொன்னேன்.

மூன்றாம் மாதம் போத்தல் நாற்பதைத் தாண்டியது. பாகு ரின்னின் திகதி முடியப்போனதால் மிச்சப் போத்தலும் கிடைக்கும் என்ற துணிவில் ஒரு வியாழக்கிழமை காய்ச்சி வாளியில் ஊற்றி, அலுமாரிக்குள் வைத்து மூடினேன். வாளி மூடியில் ஒரு சின்னக் குழாய் இருக்கிறது. உள்ளே பொங்கும் காற்று அதில் உள்ள தண்ணீருக்குள்ளால் வெளியே போக வேண்டும். அது சத்தம் போடும் என்பதை நான் யோசிக்கவில்லை. சனிக்கிழமை செபமாலையின் நடுவில் அலுமாரிக்குள்ளிருந்து 'புளுக்' என்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடி.

"உது என்ன சத்தம்?" என்றார் அண்ணை.

"தண்ணிப் பைப் அண்ணை."

"வீட்டுக்காரரிட்டச் சொல்லும். பிறகு வெடிச்சு ஊத்தும்."

"பாண் மணமாவும் கிடக்கு" என்றார் அங்கிள்.

"வேலை உடுப்பு அங்கிள்."

அக்கா மட்டும் அலுமாரியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மணியை உருட்டினார்.

அடுத்த சனிக்கிழமை அண்ணை தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, மாசக் கடைசியில எங்கட பெரிய செபக்கூட்டம். நீர் வந்து சாட்சி சொல்லவேணும். எப்பிடிக் குடிச்சனீர், எப்பிடி விட்டனீர் எண்டு. அஞ்சு நிமிசம் காணும்."

அந்தக் கூட்டத்துக்கு வரும் முந்நூறு பேருக்கு முன்னால் எழும்பி நிற்பது என்னால் ஆகாத காரியம். அங்கே நின்று பொய் வேறு சொல்ல வேண்டும்.

"அண்ணை, நான் குடிக்கிறேல்லை."

"அதைத்தான் சொல்லச் சொல்லுறன்."

"இல்லை அண்ணை. முந்தியும் குடிக்கிறேல்லை."

எழும்பிப்போய் அலுமாரியைத் திறந்து வாளியைக் காட்டினேன். திரையை இழுத்துப் போத்தல்களைக் காட்டினேன். எந்தப் போத்தல் சரி, எது சரியில்லை, ஏன் தொட்டிகளில் தேடினேன் எல்லாவற்றையும் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் தொடர்ந்து கதைத்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

கடைசியில் அங்கிள்தான், "எத்தினை போத்தல் வரும்?" என்றார்.

"அறுபது வரும் அங்கிள்."

"அறுபதோ! தனி ஆளுக்கோ?"

"அங்கிள்!" என்றார் அண்ணை.

"சும்மா கேட்டனான் காணும்."

அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. கவலைதான் தெரிந்தது. "அப்ப ஏன் தம்பி மூண்டு மாசமா வாய் திறக்கேல்லை?"

நீங்கள் வருவது நன்றாக இருந்தது என்று சொல்ல வேண்டும். வாய்வரை வந்தது. "நீங்கள் கேக்கேல்லைத்தானே அண்ணை" என்று சொல்லிவிட்டேன்.

"சரி, பிழையில்லை. குடியாத பிள்ளை எண்டா எங்களுக்குச் சந்தோசம்தானே. ஆனா இன்னும் நாலு வீடு பாத்துக்கொண்டு கிடக்கு. எங்களுக்கும் சனிக்கிழமை ஒண்டுதான்."

"ஓம் அண்ணை."

"சும்மா ஒரு நாளைக்கு வருவம்."

சப்பாத்தைப் போட்டுக்கொண்டு படியேறிப் போனார்கள். நாலு கோப்பைகளையும் கழுவி வைத்தேன்.

அடுத்த சனிக்கிழமையும் மூன்று மணிக்குச் சவரம் செய்துவிட்டுக் காத்திருந்தேன். பழக்கமாகிவிட்டது. வெளியே கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. கதவைத் திறந்தால் அக்கா தனியாக நின்றார். உள்ளே வரவில்லை. காரடிக்குக் கூட்டிப்போய்ப் பின்பக்கத்தைத் திறந்தார். பழைய குளிர்க் கோட்டு ஒன்றால் மூடியிருந்த இரண்டு பெரிய பைகள். உள்ளே மண்ணிறப் போத்தல்கள். லேபல் உரித்துக் கழுவி, ஒன்றோடொன்று தட்டாதபடி பேப்பர் சுற்றியிருந்தது.

"திருகிற மூடி இல்லாததாப் பாத்து எடுத்தனான். பச்சை ஒண்டும் போடேல்லை. சரியோ எண்டு பாருங்கோ."

ஒன்றை எடுத்துக் கழுத்தைத் தடவினேன். சரியாக இருந்தது. நான் சொன்னதை எல்லாம் மறக்காமல் வைத்திருக்கிறார்.

"எங்கால அக்கா இவ்வளவு?"

அவர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். "எங்கட வீட்டிலதான். நீலத் தொட்டிக்குள்ள போட்டா அயலட்டை காணும். கடைக்குக் கொண்டுபோனா அங்க எங்கட சனம்தான் நிக்கும். கராச்சுக்குள்ள ஒளிச்சு வைச்சுவைச்சு இப்ப இடமில்லை."

நான் பைகளைத் தூக்கினேன்.

"அலுமாரிக்குள்ள என்ன கிடக்கெண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். எனக்குத் தெரியாத மணமே?" என்று சிரித்தார். பிறகு, "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ தம்பி. அண்ணைக்கும் தெரியாது" என்றார்.

என் அறையில் இருந்து எனக்காகச் செபித்த மூன்று பேரில் அக்காவின் குரல்தான் எப்போதும் கடைசிவரை நின்றது. சில நாள் அழுதும் இருக்கிறார். எனக்காக என்று நினைத்திருந்தேன்.

"உள்ள வாங்கோ அக்கா, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்." கூச்சமில்லாமல் ஒருவரை நானாக வரச்சொன்னது அதுதான் முதல் தடவை.

"இன்னொரு நாளைக்கு. வீட்டில மனுசன் எழும்ப முன்னம் போகவேணும்." பின்னேரம் மூன்றே கால்.

அன்றே குழாயைப் போட்டுப் பியரை நிரப்பினேன். அக்கா தந்த போத்தல்களில் ஊற்றும்போது கை கொஞ்சம் தயங்கியது. அந்த வீட்டில் என்னென்ன பேச்சு நடந்து முடிந்த போத்தல்களோ. ஆனாலும் ஊற்றினேன். அறுபத்திரண்டு வந்தது. இரண்டு கிழமை கழித்து ஒன்றைத் திறந்தேன். கொஞ்சம் கசப்பு, நுரை குறைவு, மற்றபடி குடிக்கலாம். நானே செய்தது என்று யாருக்காவது கொடுக்க நினைத்தபோது மனதில் வந்த ஒரே ஆள் அக்காதான். அவருடைய வீட்டுக்கு எப்படிப் பியர் கொடுப்பது?

அதற்குப் பிறகு இரண்டு சனிக்கிழமைக்கு ஒரு தடவை ஒரு பை வந்தது. அக்கா பெல் அடிக்கமாட்டார். கார்க்கதவு சாத்தும் சத்தமும், பக்கக் கதவடியில் பையை மெதுவாக வைக்கும் சத்தமும் எனக்குக் கீழே கேட்கும். ஓடிப்போய்க் கதவைத் திறக்கலாம். கேத்திலைக்கூடப் போட்டு வைத்திருப்பேன். ஆனால் படியில் பாதியில் நின்றுவிடுவேன். போத்தலைக் கொண்டுவரும் மனுசிக்கு முகத்தைக் காட்டுவது கஷ்டமாக இருக்கும் என்று நினைப்பேன். எனக்கும் கஷ்டம்தான். கார் போன பிறகு பையை எடுப்பேன். பாரத்தைத் தூக்கிப் பார்க்கும்போதே அந்த வீட்டின் நிலைமை தெரியும்.

வசந்தம் பிறந்த பிறகு பைகள் நின்றுவிட்டன. முதலில் அக்காவுக்குச் சுகமில்லையோ என்று பயந்தேன். ஞாயிறு பூசையில் பார்த்தேன். நன்றாக இருந்தார். பக்கத்தில் ஒரு மனிதர் இருந்தார், மெலிந்து, கையில் பாட்டுப் புத்தகத்தோடு. பூசை முடிந்து வெளியே வரும்போது அக்கா என்னைக் கண்டு லேசாகத் தலையசைத்தார். அந்த மனிதருக்கு என்னை அறிமுகப்படுத்தவில்லை. எப்படி அறிமுகப்படுத்துவார்?

பை வராமல் ஆறு சனிக்கிழமை போய்விட்டது. நான் சந்தோசப்பட வேண்டியவன். அந்த மனிதர் நல்லாயிருக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் மூன்று மணியானதும் காது கதவடிக்குப் போகிறது.

போன சனிக்கிழமை அது எனக்கே வெட்கமாக இருந்தது. முழந்தாளில் நின்று, அண்ணை எனக்காகச் சொன்ன அதே செபத்தை அக்காவின் வீட்டுக்காக வாய்விட்டுச் சொன்னேன். அந்த வீட்டுக்கு இனி ஒரு போத்தலும் வரக்கூடாது என்று கேட்டேன். பாதியில் வெளியே கார் ஒன்று வந்து நிற்கும் சத்தம் கேட்டது. நிறுத்திவிட்டுக் காது கொடுத்தேன். மேல்வீட்டுக்காரர் சாமான் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தும்வரை அப்படியே நின்றேன். பிறகு செபத்தின் மிச்சத்தையும் சொல்லி முடித்தேன்.