டீ ஸ்கொயரும் மாடிக் கதவும்

ஒன்று கச்சிதமாகப் பொருந்தினால் ஆங்கிலத்தில் ‘டு எ டீ’ என்பார்கள். திருவொற்றியூர்ப் பட்டறை ஒன்றில் வரைபடம் போட்டு ஓய்வுபெற்ற என் நண்பருக்கு, அந்த ‘டீ’ அவருடைய டீ ஸ்கொயர்தான். பலகைமேல் கோடு நேராக விழ வைத்துப் பிடிக்கும், டீ எழுத்து வடிவக் கட்டை அது.

எதற்கும் ஆண்டு தேடுகிறவன் நான். இதையும் தேடினேன். பதினேழாம் நூற்றாண்டின் கடைசியிலேயே அந்தத் தொடர் அச்சில் இருக்கிறது. டீ ஸ்கொயர் என்ற பெயர் தட்டுப்படுவது அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்துத்தான். இரண்டுக்கும் முன்பே ‘டு எ டிட்டில்’ என்றிருக்கிறார்கள். டிட்டில் என்றால் ஐ எழுத்தின் தலையில் வைக்கிற புள்ளி. அதன் முதலெழுத்துதான் இந்த டீ என்பது பலரின் ஊகம்.

போன மே மாதம் இதைச் சொல்லப் போனேன்.

“அதெல்லாம் கத, மாமு. மாடி ரூமுக்கு நானே அளவெடுத்து இரும்புக் கதவு போட்டுக்கீறேன், நேத்துதான் பெயிண்டு அடிச்சேன். ஒரு நூல் கேப்பு கெடயாது. அதான் டு எ டீ!”

“கதவு இருக்கட்டும், ஆண்டு இடிக்குதேய்யா.”

பக்கத்து லேத் பட்டறையில் இரும்பு அடிக்கும் சத்தம். அதற்குமேல் குரல் எழுப்பிச் சண்டை போட்டோம். அந்தத் தெருவில் எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள்.

பட்டறையில் சாப்பாட்டு மணி அடித்தது. மோட்டார் நின்றது. அடி நிற்கவில்லை. மாடியிலிருந்து வந்தது.

“அவ எங்க?” என்றார் நண்பர்.

அவர் மனைவிக்கு மூச்சிழுப்பு உண்டு. வடாம் எடுக்க அந்த அறைக்குள் போயிருக்கிறார். கடல் காற்று கதவை அறைந்து சாத்தியிருக்கிறது. நண்பர் அளந்தது வெறும் இரும்பை. மேலே ஏறிய இரண்டு பூச்சு பெயிண்டைக் கணக்கில் சேர்க்கவில்லை. கதவு சட்டத்தோடு இறுகிவிட்டது. தகரக் கூரை, சன்னல் கிடையாது.

மாடிக்கு ஓடினோம். நண்பர் இழுத்த இழுப்பில் கைப்பிடி கையோடு வந்தது. அப்போது உள்ளே அடியும் நின்றது. நான் கீழே ஓடி ஆள் கூப்பிட்டேன். பட்டறை ஆட்கள் கடப்பாரை போட்டு நெம்பினார்கள்.

வெளியே வந்தவர் நனைந்த துணிபோலப் படியில் சரிந்தார். மருந்தை இரண்டு முறை இழுத்தபின்தான் பேச்சு வந்தது.

“கீழ ரெண்டு பேரும் கத்திக்கினுதான இருந்தீங்க? என் காதுல வுழுந்துது. அப்டி இன்னா பேச்சு?”

“ஒரு இங்கிலீசு வார்த்த,” என்றார் நண்பர்.

அவர் மனைவி மருந்தை மறுபடி வாயில் வைத்துக்கொண்டார். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.